நூறாவது ஆரோக்கியசாலி

எனக்குக் கோபம் வந்தாலும் கால் ஆடும், பயம் வந்தாலும் கால் ஆடும். அன்று டிரேவர் சாரின் அறையில் உட்கார்ந்திருந்தபோது எதனால் ஆடியது என்று எனக்கே தெரியவில்லை. அவர் கணினித் திரையை மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருந்தார். கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு வாயைத் திறக்காத மனிதர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

"சங்கமித்ரா, பி.பி. இல்லாதவங்க லிஸ்ட்ல நூறாவது ஆள் யாரு?" என்றார் கடைசியில்.

நூறாவது ஆள் என் அம்மா.

எங்கள் ஆராய்ச்சி இதுதான். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் நூறு பேர், இல்லாதவர்கள் நூறு பேர். இரண்டு பக்கத்திலும் இரத்தத்தில் செலினியம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து ஒப்பிட வேண்டும். செலினியம் என்பது சோற்றிலும் மீனிலும் முட்டையிலும் துளித்துளியாக இருக்கும் ஒரு தாது. உடம்புக்கும் துளிதான் வேண்டும். குறைந்தாலும் வம்பு, கூடினாலும் வம்பு. டிரேவர் சார் இதை வைத்துக் கட்டுரை எழுதுவார். நான் பையைத் தூக்கிக்கொண்டு மர்பி டவுன், லிங்கராஜபுரம், காக்ஸ் டவுன் என்று வீடு வீடாக ஏறி, பி.பி. பார்த்து, நாற்பத்திரண்டு கேள்விகள் கேட்டு, இரத்தம் எடுத்து வர வேண்டும்.

கொதிப்பு உள்ளவர்கள் ஏழே வாரத்தில் கிடைத்துவிட்டார்கள். எங்கள் மர்பி டவுனில் ஒரு சந்துக்குள் நுழைந்தால் போதும். இல்லாதவர்களைத் தேடியதுதான் என் பிராணனை வாங்கியது. நாற்பத்தைந்து வயது தாண்டியிருக்க வேண்டும், பி.பி. இருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டமில்லாத கறிக்கடையைத் தேடுவது போலத்தான். ஒருவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து கையை நீட்டுவார், கருவி நூற்றெழுபதைக் காட்டும், நான்தான் தப்பாகப் பார்க்கிறேன் என்று சண்டைக்கு வருவார். அய்யாவு என்று ஒரு ரிட்டயர்ட் லாரி டிரைவர், "எனக்கு பி.பி. கெடையாதும்மா. டெய்லி மாத்திரை போடறேன் இல்ல, அப்புறம் எங்கருந்து வரும்?" என்றார். அவருக்குப் புரிய வைப்பதற்குள் எனக்கு ஏறிவிட்டது.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, தொண்ணூற்றொன்பதில் வந்து நின்றது. திங்கட்கிழமை எல்லா மாதிரிகளையும் ஒன்றாகப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். வீட்டில் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, இந்த ஊரில் நல்ல உடம்போடு ஒரு மனுஷனும் இல்லையா என்று கத்தினேன். அம்மா என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் வரட்டாடி? எனக்கு இன்னா வயசு, அம்பத்திரெண்டு. சரியா வரும் இல்ல?"

ஊழியர்களின் உறவினரைச் சேர்க்கக் கூடாது என்று ஒரு தாளில் நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். அவசரத்தில் அந்தத் தாளை யார் நினைத்துப் பார்க்கிறார்கள். மறுநாள் காலை அம்மாவுக்கு பி.பி. பார்த்தேன். நூற்றிருபத்தாறுக்கு எண்பத்திரண்டு. எழுந்து அவளைக் கட்டிக்கொண்டேன். இரத்தம் எடுத்தேன். அம்மா வேலைக்குப் போன பிறகு படிவத்தை நானே நிரப்பினேன். பெயர் முத்தம்மா, தொழில் வீட்டு வேலை. நாற்பத்திரண்டு கேள்விகளில் ஒன்றைக்கூட அவளிடம் கேட்கவில்லை. பெற்ற தாயைப் பற்றி எனக்குத் தெரியாதா என்ன?

இப்போது டிரேவர் சார் திரையை என் பக்கம் திருப்பினார். மற்றவர்கள் எல்லாரும் எழுபதுக்கும் நூற்று நாற்பதுக்கும் நடுவில் இருந்தார்கள். நூறாவது எண்ணுக்கு நேரே நானூற்றுப் பன்னிரண்டு.

"லேப்ல ரெண்டு தடவை ஓட்டிப் பாத்துட்டாங்க. அதே நம்பர்தான் வருது. நீ ப்ளட் எடுத்தப்ப ட்யூப் மாத்திப் போட்டுட்டியா?"

செலினியம் பார்க்க நீல மூடி போட்ட தனிக் குழாய் உண்டு. சாதாரணக் குழாயில் எடுத்தால் தாதுத் துகள் கலந்து கணக்கு தப்பிவிடலாம். அவர் எனக்கு ஒரு கதவைத் திறந்து விடுகிறார் என்பது புரிந்தது. ஆமாம் சார், குழாய் மாறிவிட்டது என்று சொன்னால் போதும். ஒரு திட்டு, அதோடு முடிந்தது. நூறாவது ஆள் யார் என்று எவரும் கேட்கப் போவதில்லை. சொல்ல வாயைத் திறந்தேன்.

"ட்யூப் சரின்னா அந்தம்மாவைப் போய்ப் பாரு," என்றார் அவர். "இவ்வளவு உடம்புல இருந்தா முடி கொட்டும், நகம் உடையும். என்னத்த சாப்பிடறாங்கன்னு கேளு."

வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. இரண்டு மாதமாக அம்மாவின் விரல்களில் பிளாஸ்திரி. நகம் நடுவில் வெடித்து உடைந்தது. பாத்திரம் தேய்க்கும் சோப்பு என்று நானே முடிவு செய்து ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்தேன், அதைப் போடவில்லை என்று தினமும் திட்டினேன். குளியலறைச் சாக்கடையில் முடி கொத்துக் கொத்தாக அடைத்துக்கொண்டது. அதற்கும் திட்டினேன்.

"ட்யூப் சரிதான் சார்," என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

படியில் இறங்கிக்கொண்டே அம்மாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. அவள் காக்ஸ் டவுனில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் இரண்டு வீடுகளில் வேலை செய்கிறாள். போன் பைக்குள் இருக்கும், பை எங்கேயாவது ஆணியில் தொங்கும். தெரிந்தும் ஆறு தடவை அடித்தேன். ஒவ்வொரு தடவையும் அந்த மணி அடித்து ஓய்வதற்குள் எனக்கு ஒரு வயது கூடியது. அவளிடம் கேட்டால் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வாள். அவள் என்னத்தைச் சாப்பிடுகிறாள் என்று முதலில் என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று வண்டியை வீட்டுக்கு விட்டேன்.

எங்கள் வீடு ஒன்றரை அறைதான், ஒளித்து வைக்க இடமே கிடையாது. இருந்தும் அது எனக்கு அன்றுதான் கண்ணில் பட்டது. அலமாரியில் அம்மாவின் புடவைகளுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள் ஏழு பிளாஸ்டிக் பாட்டில்கள். முடி அடர்த்தியாக வளர, நகம் பளபளக்க, எதிர்ப்புச் சக்தி கூட என்று வெவ்வேறு கம்பெனி, வெவ்வேறு நிறம். எல்லாம் பாதிக்கு மேல் காலி. பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தேன். ஐந்து பாட்டில்களில் செலினியம் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

பாட்டில்களுக்கு அடியில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய வெற்று மாத்திரை அட்டைகள் இருந்தன. எல்லாம் ஒரே மாத்திரை. அதன் பெயர் எனக்கு மனப்பாடம், ஐம்பது வீட்டுப் படிவத்திலாவது என் கையால் எழுதியிருப்பேன். இரத்தக் கொதிப்பு மாத்திரை. ஒவ்வொரு குமிழாக அழுத்திப் பார்த்தேன். ஒன்றிலும் மாத்திரை இல்லை.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பதினேழாவது கேள்வி, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறாரா? இல்லை. என் பேனா, என் டிக். இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் எகிறும், ஒரு நாள்கூட விடாதீர்கள் என்று நான் ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியிருக்கிறேன். அம்மா எத்தனை நாளாக நிறுத்தியிருக்கிறாள்? டப்பாவை அப்படியே பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

மர்பி டவுனிலிருந்து காக்ஸ் டவுன் எவ்வளவு தூரம்? சாதாரண நாளில் பத்து நிமிஷம்கூட ஆகாது. அன்று அல்சூர் பக்கம் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பஸ் ஒன்று திரும்ப முடியாமல் குறுக்கே நின்றது. நான் ஹார்ன் மேலிருந்து விரலை எடுக்கவே இல்லை. முன்னால் இருந்தவர் திரும்பி, "ஸ்வல்ப சும்னிரம்மா," என்றார் கன்னடத்தில். சும்மா இருப்பதாவது! நடைபாதையில் வண்டியை ஏற்றினேன். கட்டட வாசலில் காவலாளி நோட்டை நீட்டி, பெயர், நேரம், எந்த வீடு என்று எழுதச் சொன்னார். சங்க என்று மட்டும் கிறுக்கிவிட்டு ஓடினேன். லிஃப்ட் எட்டாவது மாடியில் நின்றுகொண்டு இறங்கி வர மறுத்தது. ஆறு மாடியும் படியில் ஏறினேன்.

அந்த நேரத்தில் அம்மா வேலை செய்யும் வீடு அதுதான். கதவைத் திறந்தவர் வீட்டுக்காரர் மௌரீன் ஆன்ட்டி. பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், கணவர் போன பிறகு தனியாக இருக்கிறார்.

"சங்கமித்ராவா? என்னம்மா இப்படி மூச்சு வாங்கறே?"

பதில் சொல்லாமல் உள்ளே போனேன். அம்மா பின்பக்க பால்கனியில், வாஷிங் மெஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். சுவரில் தலையைச் சாய்த்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"இன்னாடி, வேலைக்குப் போகல? ஒண்ணும் இல்ல, லேசா தலை சுத்திச்சு. ஒக்காந்துக்கினேன்."

பையிலிருந்து கருவியை எடுத்து அவள் கையில் சுற்றினேன். இருநூறு வீட்டில் சுற்றிய கை எனக்கு, அன்று பட்டையை இரண்டு தடவை தப்பாகச் சுற்றியது. எண்கள் ஏறின. இருநூற்றெட்டுக்கு நூற்றுப் பதினெட்டு. ஐந்து நிமிஷம் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும் என்பது விதி. ஒரு நிமிஷம்கூடப் பொறுக்க முடியவில்லை. இருநூற்றாறு.

டப்பாவை அவள் முன்னால் வைத்தேன். "இதெல்லாம் எங்கருந்து வந்துச்சு?"

அம்மா மௌரீன் ஆன்ட்டியைப் பார்த்தாள். ஆன்ட்டிதான் பேசினார். "பாட்டில் எல்லாம் நாலாவது மாடி சௌம்யா குடுத்திருப்பா. ஆன்லைன்ல வாங்கிக் குவிப்பா, ஒரு வாரம் சாப்பிடுவா, அலுத்துப் போயிடும். இந்த அட்டை..." என்று எடுத்துப் பார்த்தார். "இது எங்க வீட்டுக்காரரோடது. அஞ்சாறு மாசத்துக்கு மொத்தமா வாங்கி வச்சிருந்தார். அவர் போயிட்டார். காசு குடுத்து வாங்கின மருந்து, தூக்கிப் போட மனசு வரல. முத்தம்மா கேட்டா, குடுத்தேன்."

"மீந்த சாம்பாரைத் தூக்குல ஊத்திக் குடுக்கற மாதிரி மாத்திரையும் குடுப்பீங்களா ஆன்ட்டி? அது மருந்து!"

"மெதுவாடி," என்று அம்மா என் கையைப் பிடித்தாள். "அவங்க மேல இன்னா தப்பு? நான்தான் கேட்டேன்."

ஆன்ட்டியின் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்க்க எனக்கு அப்போது நேரமில்லை. ஆனால் ஆட்டோ கூப்பிட்டதும், அம்மாவை ஒரு பக்கம் தாங்கி லிஃப்டில் இறக்கியதும், காலில் செருப்பு மாட்டிவிட்டதும் அவர்தான்.

பக்கத்து ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் அம்மாவைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். ட்யூட்டியில் இருந்த டாக்டர் ஃபாத்திமா சின்னப் பெண், என் வயதுதான் இருக்கும். ஊசி போடச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"பி.பி. எத்தனை நாளா இருக்கு?"

"இன்னிக்குத்தான் தெரியும் டாக்டர்," என்றேன் நான்.

"மூணு வருஷமா இருக்குது," என்றாள் அம்மா.

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டு வேலை செய்யறவங்க சங்கத்துல கேம்ப் போட்டாங்க. அதுல சொன்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் போன்னாங்க. எங்க போறது, ரெண்டு வீட்டு வேலை."

"தலைவலி உண்டா?"

"இல்ல," என்றேன்.

"காலையில எழுந்தா பின்மண்டை வலிக்கும். தெனமும்."

டாக்டர் ஃபாத்திமா பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க கொஞ்சம் இருங்க. அவங்களே சொல்லட்டும்."

நாற்பத்திரண்டு கேள்விகள் கேட்கத் தெரிந்த நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது, ஒவ்வொன்றும் தப்பாக இருந்தது. மீன் பிடிக்காது என்று நினைத்திருந்தேன், பிடிக்குமாம். மாதவிடாய் நின்றது போன வருஷம் என்று நினைத்திருந்தேன், நான்கு வருஷமாகிறதாம். பாட்டில் மாத்திரைகளைக் காட்டி, தினம் எத்தனை என்று டாக்டர் கேட்டார்.

"முடிக்கு நல்லதுன்னு சௌம்யாம்மா சொன்னாங்க. எல்லாத்துலயும் ஒண்ணொண்ணு போட்டேன். அப்புறம் முடி கொட்ட ஆரம்பிச்சுதா, சரி பத்தலன்னு ரெண்டு ரெண்டா போட்டேன்."

டாக்டர் பாட்டில்களைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார். "அதனாலதாம்மா கொட்டிச்சு. இனிமே ஒண்ணுகூடத் தொடாதீங்க. நிறுத்தினா தானா சரியாகும். பி.பி. மாத்திரை எத்தனை போட்டீங்க?"

"அது ஒண்ணுதான். மௌரீனம்மா வீட்டு சாரு ஒண்ணுதான் போடுவாரு, பாத்திருக்கேன். போன வாரம் தீந்துபோச்சு. காலி அட்டையைக் காட்டிக் கடையில கேக்கலாம்னு வச்சிருந்தேன், மறந்துபோச்சு." சற்று நிறுத்தினாள். "ஒரே ஒரு நாளு மட்டும் ரெண்டு போட்டேன்."

"ஏன்?"

அம்மா என் பக்கம் பார்க்காமலே சொன்னாள். "அன்னிக்கு என் பொண்ணு ஆபீசுல நல்லா இருக்கறவங்க ஒரு ஆளு கொறைஞ்சுது டாக்டர். பாவம், சோறே எறங்கல அவளுக்கு. ஒண்ணு போட்டா பத்தாதோன்னு பயமா இருந்துச்சு."

அந்தக் காலையில் அவளைக் கட்டிக்கொண்டது ஞாபகம் வந்தது. எண் சரியாக இருந்ததற்காகக் கட்டிக்கொண்டேன். வேறெதற்கும் இல்லை. நான் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், என் மேல் வந்த கோபத்தில் அதைப் பிடுங்கிவிடலாம் போல இருந்தது.

மூன்று மணிக்குள் நூற்றெழுபதுக்கு இறங்கியது. மெதுவாகத்தான் இறங்க வேண்டும், இரண்டு நாள் இங்கேயே இருக்கட்டும், ஆபத்து தாண்டிவிட்டது என்று டாக்டர் ஃபாத்திமா சொன்னார். அதற்குப் பிறகுதான் எனக்குத் தாகம் எடுத்தது தெரிந்தது. கட்டில் பக்கத்திலேயே நின்று டிரேவர் சாருக்குப் போன் போட்டேன்.

"சார், நூறாவது ஆள் எங்க அம்மா. ரூல்ஸ் தெரிஞ்சும் சேர்த்தேன். ஃபாரத்தை நானே ஃபில் பண்ணேன், எதையும் அவங்களக் கேக்கல. அவங்களுக்கு பி.பி. இருக்கு, மாத்திரை போட்டுட்டு வந்திருக்காங்க. செலினியமும் மாத்திரையாலதான்."

"அம்மா எப்படி இருக்காங்க?" என்றார் முதலில்.

"பரவாயில்ல சார்."

"சரி. நூறாம் நம்பரை எடுத்துடறேன். மத்த ஃபாரம் எல்லாத்தையும் நான் ஒருதரம் செக் பண்ணணும். திங்கக்கிழமை வந்து என்னைப் பாரு, எழுத வேண்டியது இருக்கு." குரலில் கடுமை இருந்தது. இருக்க வேண்டியதுதான். வேலை இருக்குமா போகுமா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போனை வைத்தபோது அம்மா விழித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பேசியதெல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"என்னை எடுத்துட்டாங்களா?"

"ஆமாம்மா."

"அப்ப மறுபடி தொண்ணூத்தொம்பதுதானா?"

"அதை விடும்மா. தூங்கு."

அவள் தூங்கவில்லை. தலையணையில் தலையைத் திருப்பி, அந்த வார்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக நோட்டம் விட்டாள். பிறகு என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்துக் காதோடு காதாகச் சொன்னாள்.

"அதோ, மூணாவது கட்டிலாண்ட ஒக்காந்துக்கினு இருக்காங்க பாரு, சேப்புச் சேலை. நோயாளி இல்ல, பாத்துக்க வந்தவங்க. நானும் அப்பத்திலேருந்து பாக்கறேன், ஆளு நல்லா தெம்பா இருக்காங்க. அம்பது இருக்கும். போய்க் கேட்டுப் பாரேன்."

"வாயை மூடும்மா!" என்று கத்தினேன். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அம்மா மட்டும் சிரித்தாள். நான் அழுதுகொண்டிருந்தேன்.